பொருத்தப் பெட்டியும் ஒரு பொட்டுச் சந்தனமும்

ஜனகன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில். அன்றைக்கு நல்ல மழை. கூடையை இறக்கிக்கூட வைக்கவில்லை, அதற்குள் என்னோடு கொழுந்து பறிக்கிற வேலாயி ஓடிவந்து சொன்னாள், அம்மாக்கண்ணுவுக்கு ஆம்பிளைப் பிள்ளை பிறந்திருக்கிறது, பெயர்கூட வைத்தாகிவிட்டது என்று. அம்மாக்கண்ணு எனக்குத் தூரத்துச் சொந்தம். என் நாத்தனாரைக் கட்டியவருடைய தம்பிதான் அவள் புருசன் பழனியாண்டி.

தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதுவரைக்கும் கருப்பையா, ராமையா, வைரவன் என்றுதான் பெயர் வைப்போம். ஜனகன் என்றதும் எல்லாருக்கும் நாக்கு தடுக்கியது.

"அது என்னாண்ணே பேரு?" என்று பழனியாண்டியைக் கேட்டோம்.

"கோயில்ல கதை சொன்னாரே ஒரு பெரியவரு, அவரு வாயால கேட்டதுதான். சீதைக்கு அப்பன். வில்லு ஒண்ண வச்சு, யாரு பொருத்தமான மாப்பிள்ளைன்னு பாத்தாரே, அவரு பேரு."

"அப்ப ஒம் மகனும் ஊருக்கெல்லாம் மாப்பிள்ளை பாத்துக்கிட்டுத் திரியப் போறான்" என்றாள் வேலாயி.

வேலாயி சொன்னது ஒன்றுகூட நடந்ததில்லை. இது ஒன்றுதான் நடந்தது.

பழனியாண்டி நாலெழுத்துப் படித்தவன். பஞ்சாங்கம் பார்த்து நல்ல நாள், பொருத்தம் எல்லாம் சொல்லுவான். பையன் அப்பாவைவிடக் கணக்கில் கெட்டிக்காரன். அப்போது பள்ளிக்கூடத்தில் ஒரு வருசம் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்திருந்தாள். ஊருக்குத் திரும்பிப் போகிறபோது தன்னுடைய கல்குலேட்டரை ஜனகனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கடைக்காரர்கள் வைத்திருப்பது மாதிரிச் சின்னது அல்ல. கறுப்பாக, கனமாக, சாமிக்கு வைக்கிற கற்பூரத் தட்டு நீளத்துக்கு இருக்கும். கணக்கைப் போட்டால் கோடு கோடாகப் படமே வரைந்து காட்டும். கூடவே ஒரு வயரும் ஒரு சிடித் தட்டும் கொடுத்தாள். "கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்" என்று சொல்லிக் கொடுத்தாளாம். அப்போது எங்கள் தோட்டத்தில் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? வயரும் தட்டும் அப்படியே டிரங்குப் பெட்டிக்குள் போயின.

ஜனகனுக்கு கெம்பஸில் படிக்க இடம் கிடைக்கவில்லை. கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. பழனியாண்டியும் அந்த வருசமே நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தான். பையன் அக்கரப்பத்தனை பஜாரில் ஒரு கொமினிகேசன் கடை போட்டான். போட்டோ கொப்பி எடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, படம் பிடிப்பது. ஆள் வராத நேரத்தில் அப்பாவின் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கல்குலேட்டரில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தட்டி, பத்துப் பொருத்தத்தையும் அதற்குள்ளே ஏற்றிவிட்டான். பெண்ணுடைய நட்சத்திரத்தையும் ஆணுடைய நட்சத்திரத்தையும் கொடுத்தால் போதும். பத்துக்கு இத்தனை என்று பெட்டி சொல்லும்.

பிறகென்ன, கடையில் கூட்டம்தான். ஜனகன் வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், சின்னப் பையன் என்பார்கள். பெட்டி சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பொருத்தப் பெட்டி என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. பெட்டி எட்டு சொன்னால் பாக்கு வெற்றிலை மாற்றுவார்கள், மூன்று சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். அப்படி எழுந்து போன ஒரு சம்பந்தம்தான் என் தங்கச்சி மகள் யோகேஸ்வரி வீட்டுச் சம்பந்தம். அவளுடைய மூத்த மகள் பிரியந்திக்குக் கந்தப்பளையில் இருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். நல்ல உத்தியோகம். பெட்டி நாலுதான் என்றது. யோகேஸ்வரி அன்றைக்கு ஜனகனைப் பார்த்த பார்வையில் அந்தக் கடைக் கண்ணாடி உடைந்திருக்க வேண்டும். பிரியந்தியைப் பிறகு நுவரெலியாவில் மரக்கறிக் கடைக்காரருக்குக் கட்டிக் கொடுத்தோம்.

இப்படி ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்த்தவனுக்கு வயது போய்க்கொண்டே இருந்தது, கலியாணம் ஆகவில்லை. ஏனென்று கேட்டால் சிரிப்பான். விசயம் என்னவென்றால், அவன் கண் யோகேஸ்வரியின் இளைய மகள் பிரேமினி மேல். பிரேமினி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சைத் தாள் கொப்பி எடுக்க வாரத்துக்கு இரண்டு தடவை கடைக்குப் போவாள். அத்தனை பரீட்சை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது.

கடைசியில் அம்மாக்கண்ணு தட்டு வைத்துக்கொண்டு பெண் கேட்டுப் போனாள். நானும் போயிருந்தேன். ஜனகன் வாசலில் நின்று, "வணக்கம் அத்தை" என்றான்.

"அத்தையாவது, சொத்தையாவது. இன்னிக்கி வரைக்கும் அக்கான்னுதானே கூப்பிட்ட? அப்படியே கூப்பிடு" என்றாள் யோகேஸ்வரி. "நான் ஒண்ணும் மாட்டேங்கல. எம் மூத்தவளுக்கு அந்தப் பெட்டிதானே நாலுன்னு சொல்லிச்சு? இவளுக்கும் அதே பெட்டி சொல்லட்டும். நல்லதாச் சொன்னா எடுத்துக்கிட்டுப் போ. இல்லன்னா எம்மூஞ்சியில முழிக்காத. வேற சோசியரு யாரும் வேணாம். பெட்டி சொல்லணும்."

ஜனகன் முகம் வெளுத்துப்போனது. ஏனென்றால் அந்த மாசம்தான் பெட்டிக்குக் கண் போயிருந்தது. கண்ணாடிக்குள் பாதி எழுத்துத்தான் தெரியும். மற்றப் பாதி கறுப்புக் கோடு. மூன்றா, எட்டா, ஒன்பதா என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. பெட்டிக்கு உள்ளே எல்லாம் சரியாக ஓடுகிறது, வாய்தான் கோணிப்போச்சு என்றான். நுவரெலியாவுக்குக் கொண்டுபோனான். அங்கே கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரண, பரண" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாராம். பழசு, பழசு. அதற்குக் கண்ணாடி எங்கேயும் கிடைக்காது.

அப்போதுதான் டிரங்குப் பெட்டி வயர் ஞாபகத்துக்கு வந்தது. அந்த வயரை மாட்டினால், பெட்டியின் கண்ணாடியில் வரவேண்டியது கம்ப்யூட்டரின் கண்ணாடியில் வருமாம். ஆனால் வயரின் ஒரு முனை போனில் பாட்டுக் கேட்கிற ஊசி மாதிரி மெலிசு. மறு முனை சோப்புக்கட்டி மாதிரித் தடிப்பு. இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் அந்தத் தடிப்புக்கு இடமே இல்லை. ஜனகனுடைய கடைக் கம்ப்யூட்டரில் இல்லை, பஜாரில் யாரிடமும் இல்லை. எங்கே இருந்தது என்றால், தோட்டத்து ஒப்பிசில். பெரிய கிளாக்கர் முத்துலிங்கம் ஐயாவின் மேசைக்குப் பக்கத்தில், மஞ்சள் பூத்துப்போன ஒரு பழைய கம்ப்யூட்டர். புதுசு இரண்டு வந்தபிறகும் அதை அவர் தூக்கிப்போட விடவில்லை. அது அவரோடு சேர்ந்து வேலைக்கு வந்ததாம்.

முத்துலிங்கம் ஐயாவின் மகள் சுதர்ஷினிக்குப் பெட்டி ஒன்பது சொல்லித்தான் கலியாணம் நடந்தது. அதனால் பெட்டி என்றால் அவருக்கு ஒரு மரியாதை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் வரச் சொன்னார்.

யோகேஸ்வரி என்னிடம் வந்தாள். "பெரியம்மா, நீங்களும் போங்க. பெட்டி சொல்றத நம்ம ஆளு கண்ணால பாக்கணும்."

"எனக்கு எழுத்து வாசிக்க வராதேடி?"

"பிரேமினிய கூட்டிக்கிட்டுப் போங்க. அவ வாசிப்பா, நீங்க அவளப் பாத்துக்குங்க."

இப்படித்தான் நான் ஒப்பிசுக்குப் போனேன். பிரேமினி ஒரு பக்கம். அம்மாக்கண்ணு மறுபக்கம், பெட்டியை மஞ்சள் துணியில் சுற்றி, சாமியைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

ஜனகன் வயரின் தடித்த முனையைக் கம்ப்யூட்டரின் முதுகில் மாட்டினான். இரண்டு பக்கமும் திருகினான். மெலிந்த முனையைப் பெட்டியின் அடிப்பக்கத்துத் துளையில் வைத்து அமுக்கினான். வெள்ளைக்காரப் பெண் கொடுத்த தட்டைப் போட்டான். கம்ப்யூட்டர் ஏதோ முனகி முனகி யோசித்தது. பிறகு ஒரு சின்னக் கட்டம் வந்தது.

"என்னாம்மா சொல்லுது?" என்றேன்.

"பெட்டியக் காணோமாம், ஆயா" என்றாள் பிரேமினி.

"இங்கதானே இருக்கு!" என்று அம்மாக்கண்ணு பெட்டியைத் தூக்கிக் கம்ப்யூட்டருக்குக் காட்டினாள்.

"வைரஸ்" என்றார் முத்துலிங்கம் ஐயா. "வைரஸா இருக்கும்."

ஜனகன் கழற்றி மாட்டினான். பெட்டியைக் காணவில்லை. பற்றரியை மாற்றினான். காணவில்லை. வயரைப் பல்லால் கடிக்காத குறையாக நீவி நீவிப் பார்த்தான். கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டான். அது மறுபடி கண் விழிக்கிற நேரத்துக்குள் முத்துலிங்கம் ஐயா ஒரு பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டார். அப்போதும் காணவில்லை.

"நான் அப்பவே சொன்னேன், வைரஸ்."

ஜனகனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. எங்கள் ஊர்க் குளிரில் ஒருத்தனுக்கு வேர்க்கிறது என்றால் எப்படி இருக்கும் பாருங்கள். கையை விரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். "வயரு செத்துப்போச்சும்மா. இத்தனை வருசமா டிரங்குக்குள்ள கெடந்து செத்துப்போச்சு. இனி இந்த வயரு எங்க கெடைக்கும்?"

பிரேமினி பெட்டியை எடுத்து அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இந்த ஊசி முழுசா உள்ள போகவே இல்லீங்க. இது என்னா, துளைக்குள்ள மஞ்சளா?"

அம்மாக்கண்ணு எட்டிப் பார்த்தாள். "மஞ்சள் இல்லம்மா. சந்தனம்."

"சந்தனமா?"

"ஆமா. சரஸ்வதி பூசைக்கு வருசா வருசம் வைக்கிறேனே. பொட்டு வைக்கத்தானே அங்க வட்டமா குழி விட்டிருக்காங்க? தம்பி, நீதானே சொன்ன, இது எதுக்கும்மா, ஒண்ணுக்கும் ஒதவாத துளைன்னு. எனக்குத் தெரியும்டா எதுக்குன்னு. வெள்ளைக்காரின்னாலும் வெவரமா செஞ்சிருக்கான்னு நெனச்சேன்."

ஜனகன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். முத்துலிங்கம் ஐயாவுக்குச் சிரிப்பு வந்து, டீ மூக்கில் ஏறி, இருமிக்கொண்டு வெளியே போனார்.

எங்கள் ஊரில் சரஸ்வதி பூசை என்றால் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கும் சந்தனம், தேயிலை அரைக்கிற ஸ்டோரு மெசினுக்கும் சந்தனம், பள்ளிக்கூடத்து மணிக்கும் சந்தனம். அம்மாக்கண்ணுவை எப்படிக் குறை சொல்வது? பையன் பிழைக்கிற சாமானுக்கு இருபது வருசமாகத் தவறாமல் பொட்டு வைத்திருக்கிறாள். அது உள்ளே இறுகிக் கல்லாகிக் கிடந்தது.

பிரேமினி சேலையில் இருந்து ஊக்கைக் கழற்றினாள். பெட்டியை மடியில் கவிழ்த்து வைத்து, காதில் அழுக்கு எடுக்கிற மாதிரி மெதுவாக, சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். பொடிப்பொடியாகச் சந்தனம் விழுந்தது, நடுவில் குங்குமமும். ஜனகன் பக்கத்தில் குனிந்து ஊதிவிட்டான். இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. யோகேஸ்வரி என்னை எதற்கு அனுப்பினாளோ அது ஞாபகம் வந்து, நான் கொஞ்சம் இருமினேன்.

மறுபடி ஊசியைச் செருகினான். டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துபோனது.

கம்ப்யூட்டரின் பெரிய கண்ணாடியில் பெட்டியின் சின்ன முகம் முழுசாக வந்து நின்றது, ஒரு கோடு இல்லாமல், ஒரு கறுப்பு இல்லாமல். அம்மாக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஜனகன் இரண்டு நட்சத்திரத்தையும் கொடுத்தான்.

"எட்டு" என்று பிரேமினி வாசித்தாள். வாசித்த குரலே எனக்குப் போதுமாக இருந்தது. அம்மாக்கண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தாள். அவளுக்கு முழங்கால் வலி என்று அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் பெட்டி என்றைக்குக் கண்ணை முழுசாக மூடுமோ, எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு எடுத்து வைத்துவிடலாம் என்றான் ஜனகன். அவன் பெட்டிக்குள் எழுதியிருந்ததெல்லாம் வயர் வழியாக வந்து, கண்ணாடியில் மேலிருந்து கீழே வரிவரியாக நின்றது. பிரேமினி கணக்கு டீச்சர் அல்லவா, அவளுக்குக் கை சும்மா இருக்குமா? விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"என்னாங்க, இங்க மாப்பிள்ளை நட்சத்திரத்துல இருந்தா பொண்ணுக்கு எண்ணிக்கிட்டுப் போறீங்க?"

"ஆமா."

"பொண்ணுல இருந்துதானே மாப்பிள்ளைக்கு எண்ணணும்? எங்க அம்மாவுக்கே தெரியுமே."

ஜனகன் எழுந்து நின்றான். உட்கார்ந்தான். பஞ்சாங்கத்தில் இருந்த கட்டத்தில் மேல் வரிசை பெண், பக்க வரிசை ஆண். இவன் மாற்றி எடுத்திருக்கிறான். நான் கேட்டேன், அப்போ இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பொய்யா என்று. எல்லாம் பொய் இல்லை ஆயா, தாலிக்கயிற்றுக்குப் பார்க்கிற ரஜ்ஜுப் பொருத்தம் எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் ஒன்றுதான், அதில் பிழை இல்லை, ஆனால் வேறு சிலது கூடும், குறையும் என்றான்.

அந்த ஒரு வரியைத் திருத்தி, வயர் வழியாகப் பெட்டிக்குத் திருப்பி அனுப்பி, மறுபடி அவர்கள் இரண்டு பேருக்கும் போட்டுப் பார்த்தான். பிரேமினி இந்தத் தடவை வாசிக்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"அஞ்சு ஆயா."

முத்துலிங்கம் ஐயா வெளியே இருமிக்கொண்டிருந்தார். எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும். அம்மாக்கண்ணு மெதுவாகச் சொன்னாள், "எட்டுன்னே சொல்லுவமே. மொதல்ல எட்டுன்னுதானே சொல்லிச்சு."

ஜனகன் பிரேமினியைப் பார்த்தான். பிரேமினி சொன்னாள், "திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துல புள்ளைங்க கணக்குப் பிழைக்கெல்லாம் நான் பிழை போடணும். இதுக்கு மட்டும் சரி போடவா?"

"அப்ப எல்லாருக்கும் சொல்லணும்" என்றான் ஜனகன்.

எல்லாருக்கும் எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மைக்கைப் பிடித்தான். கோயில் லவுட்ஸ்பீக்கர் மேல்கணக்கு, கீழ்கணக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். "பெரியோர்களே, தாய்மார்களே, என்கிட்ட பொருத்தம் பாத்தவங்க எல்லாரும் சனிக்கிழமை ஒப்பிசுக்கு வாங்க. கணக்குல ஒரு பிழை" என்றான். யோகேஸ்வரியை நான் அந்த வாரம் முழுக்க, கணக்கில் ஏதோ சிக்கல் என்று சொல்லியே சமாளித்திருந்தேன். அம்மாக்கண்ணு அன்று இரவு சோறு தின்னவில்லை.

சனிக்கிழமை ஒப்பிசு வாசலில் திருவிழாக் கூட்டம். முத்துலிங்கம் ஐயா காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி, சோடி சோடியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே வயர் மாட்டிய பெட்டி, ஜனகன் தட்ட, பிரேமினி வாசிக்க. ஏழு இருந்தவர்களுக்கு ஆறு, ஆறு இருந்தவர்களுக்கு எட்டு. கைக்குழந்தையோடு வந்த ஒரு சோடிக்கு நாலு என்று வந்ததும், இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்து அப்படிச் சிரித்தார்கள்.

வேலாயியும் வந்தாள். அவள் வீட்டுக்காரர் வைரவன் வயது போனபிறகு இரண்டாம் தாரமாக அவளைக் கட்டியபோது, பெட்டி ஆறு சொல்லியிருந்தது. அன்றிலிருந்து சண்டை.

"நல்லாப் பாரு தம்பி. எண்ணிக்கை கொறைஞ்சிருந்தா இன்னிக்கே நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"ஒன்பது" என்றாள் பிரேமினி.

வேலாயி திரும்பிப் புருசனைப் பார்த்தாள். "இந்த ஆளோடயா? ஒன்பதா?" வைரவன் பின்னால் நின்று மீசையைத் தடவினார். "அடப்பாவி, இன்னுமா கூடிச்சு?" என்று தலையில் அடித்துக்கொண்டே போனாள்.

முத்துலிங்கம் ஐயா தன் மகள் சுதர்ஷினியின் பெயரைத் தானே கூப்பிட்டுத் தானே உள்ளே போனார். ஒன்பது இருந்த இடத்தில் நாலு வந்தது.

"வைரஸ்!" என்றார். "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? வைரஸ்."

கடைசியில் யோகேஸ்வரி வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. "எம் மூத்தவளுக்கும் அந்தக் கந்தப்பளை மாப்பிள்ளைக்கும் பாரு" என்றாள்.

ஜனகன் தட்டினான். பிரேமினி தன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "எட்டும்மா" என்றாள்.

யோகேஸ்வரி போனை எடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டு, பிரியந்தியைக் கூப்பிட்டாள். விசயத்தைச் சொன்னாள். சொல்கிறபோதே அழுகை வந்தது.

"எந்தக் கந்தப்பளைக்காரரும்மா?" என்றாள் பிரியந்தி. "பொண்ணு பாக்க வந்துட்டு பல்லுக் குத்திக்கிட்டே பேசினாரே, அவரா? ஐயோ, அதுக்கா அழுவுறீங்க? ஜனகன் அண்ணனுக்கு என் கும்பிட்டச் சொல்லுங்க. லீக்ஸ் லொறி வந்திருச்சு, இவரு தனியா எறக்குறாரு. வச்சிடறேன்."

யோகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவளுக்கும் ஒனக்கும் எவ்வளவு?"

ஜனகன் எழுந்து நின்றான். "அஞ்சுங்க அக்கா."

"மொதல்ல எவ்வளவு சொல்லிச்சு?"

"எட்டு. ஆனா அது பிழை."

"பெரியம்மா, நீங்க பாத்தீங்கதானே? பெட்டி எட்டுன்னு சொல்லிச்சா?"

"சொல்லிச்சு" என்றேன். நான் காதால் கேட்டதுதானே.

"மூத்தவளுக்கு நாலு சொன்னதும் பழைய பெட்டி, இவளுக்கு எட்டு சொன்னதும் பழைய பெட்டி. மூத்தவளுக்கு அது பிழையாச் சொன்னது நல்லதாத்தான் முடிஞ்சிருக்கு. அப்ப இவளுக்கு மட்டும் ஏன் நான் புதுக் கணக்கு பாக்கணும்? அந்தப் பழசு சொல்லணும்னுதான் அன்னிக்கு நான் கேட்டேன்."

ஜனகனுக்கு இன்னும் விளங்கவில்லை. "ஆனா அக்கா, கணக்குப்படி பாத்தா..."

"டேய்!" என்று அம்மாக்கண்ணு மகனின் முதுகில் ஓர் அடி வைத்தாள். "வாய மூடுடா."

"அக்கா இல்ல, அத்தை" என்றாள் யோகேஸ்வரி.

கலியாணம் தைப்பூசம் கழிந்து எங்கள் கோயிலிலேயே நடந்தது. முத்துலிங்கம் ஐயா பிரிண்டரில் அடித்து வாழ்த்து வாசித்தார். வேலாயியும் வைரவனும் சாப்பாட்டுப் பந்தியில் வடைக்குச் சண்டை போட்டார்கள்.

ஜனகன் இப்போது அக்கரப்பத்தனை பஜாரில் அதே கடையில்தான் இருக்கிறான். அவனும் பிரேமினியும் கடைக்குப் பின்னால் உள்ள இரண்டு அறையில் குடியிருக்கிறார்கள். பொருத்தம் பார்ப்பதை விட்டுவிட்டான். போட்டோ கொப்பி மட்டும் எடுக்கிறான்.